ஆறாவது வட்டத்தில் கிடந்த தடங்கள்

என் தங்கை மகன் மலை மேல் ஒரு கிளப்பில் கோல்ஃப் மைதானம் பராமரிக்கும் வேலையில் இருக்கிறான். போன கோடையில் ஊருக்கு வந்தவன், சாப்பிட்டுக் கை கழுவியதும் தன் வேலையைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டான்.

"எல்லாம் மெஷின் வந்துட்டு மாமா. புல்ல மெத்த மாதிரி வெட்டி வச்சிருதோம். ஆடுத ஆளுகதான் சரியில்ல. பந்து விழுந்து பேந்த எடத்த அப்படியே போட்டுட்டுப் போயிருதாங்க. கேட்டா, அதுக்குத்தான ஒன்ன வச்சிருக்குன்னு சொல்லுதாங்க. ஒங்க காலத்துல இத எப்படிச் சமாளிச்சிய?"

எங்கள் காலத்தில் புல்லே கிடையாதே என்றேன். அவன் நம்பவில்லை. சொல்ல ஆரம்பித்தேன், அன்றைக்கு முடியவில்லை. "எழுதிக் குடுங்க மாமா, எங்க ஆளுகளுக்கு வாசிச்சுக் காட்டுதேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டான். அதனால் எழுதுகிறேன்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்பளமுமாக நீண்டு கிடந்த பொட்டல் அது. ஆங்காங்கே உடைமரங்கள். வெள்ளைக்காரர்கள் அதில் ஒன்பது குழி தோண்டி கோல்ஃப் ஆடினார்கள். இப்போது அந்த இடம் முழுக்க உப்புப் பாத்தியாகிவிட்டது. போய்ப் பார்த்தால் எது எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. சில நாள் காலையில் விழித்ததும் கண்ணைத் திறக்காமல் அந்தப் பொட்டலில் ஒரு சுற்று நடந்து வருவேன். வாடைக்காற்று இருக்கும். தூரத்தில் தோணிகள் பாய் விரித்து நிற்கும். உப்புக் குவியல்களின் மேல் விடியல் வெளிச்சம் விழும்போது அவை மண்ணிலிருந்து சற்று மேலே எழும்பி மிதப்பது போலத் தோன்றும். அந்த நடை எப்போதும் கடலோரத்து ஆறாவது குழியில் போய் நின்றுவிடும்.

நான் கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவன். அப்பா முத்துக் குளித்தவர். நானும் சங்கு குளிக்கப் போனேன். சின்ன வயதிலேயே ஆழத்தில் இடது காது உடைந்து ரத்தம் வந்தது. இனிமேல் முங்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தபோது கிளப்பில் மண் சலிக்க ஆள் வேண்டும் என்றார்கள். சலித்தேன், தண்ணீர் சுமந்தேன், உருளை இழுத்தேன். யுத்தம் தொடங்கிய சமயத்தில் ஒன்பது குழிகளும் என் பொறுப்புக்கு வந்திருந்தன.

குழியைச் சுற்றிப் பந்தை மெதுவாக உருட்டி ஆடுகிற இடம்தான் இந்த ஆட்டத்தின் உயிர். மழை பெய்கிற ஊர்களில் அது பச்சைப் புல். எங்கள் ஊரில் புல்லுக்கு எங்கே போவது? களிமண்ணைக் கெட்டித்து வட்டமாகத் தளம் போட்டு, அதன் மேல் சலித்த மணலை விரல் கனத்துக்குப் பரப்புவோம். காற்றில் பறக்காமல் இருக்கத் துறைமுகத்து மோட்டார் லாஞ்சுகளில் கழித்த பழைய எண்ணெயை வாங்கி வந்து மணலோடு பிசைவோம். அது காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்துவிடும். வெள்ளைக்காரர்கள் அதை பிரௌன் என்றார்கள். நாங்கள் வட்டம் என்றோம்.

வட்டம் எதையும் மறக்காது. புல் என்றால் மிதிபட்டாலும் நிமிர்ந்துவிடும். மணலில் ஒரு குதிகால் பதிந்தால் அடுத்து வருகிறவரின் பந்து அதில் விழுந்து திரும்பிவிடும். அதனால் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் வட்டத்தைத் துடைக்க வேண்டும். தென்னங்கயிற்றால் முடைந்த கனமான பாய் ஒன்று ஒவ்வொரு வட்டத்தின் ஓரத்திலும் கிடக்கும். அதன் ஒரு விளிம்பில் கட்டை கட்டியிருக்கும், கட்டையில் கயிறு. பாயைக் குழியருகே கொண்டுபோய் வைத்து, அங்கிருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வெளியே வர வேண்டும். நத்தை ஓட்டில் கோடு போவதுபோல வட்டம் விரிந்துகொண்டே வரும். நம் கால் பதிந்த இடத்தை நமக்குப் பின்னால் வரும் பாய் துடைத்துவிடும். காலையில் ஆட்டம் தொடங்கும் முன் நான் ஒருமுறை இழுப்பேன். விளிம்பைத் தாண்டி வந்து திரும்பிப் பார்த்தால் அங்கே யாருமே வந்து போகாதது போல இருக்கும். அந்தக் கணத்துக்காகவே நான் அந்த வேலையில் இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

கிளப்பின் செகரட்டரி லோகன் துரை. ஸ்காட்லாந்துக்காரர். கப்பல்களைத் துறைக்குள் வழிகாட்டிக் கொண்டுவரும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டார். தமிழை அவர் தோணிக்காரர்களிடம் கற்றிருந்தார். மரியாதைத் தமிழ் என்று ஒன்று இருப்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. பெரிய பெரிய மனிதர்களையும் "ஏலே, இங்கன வா" என்றுதான் கூப்பிடுவார். யாரும் கோபப்பட்டதில்லை. குரலை உயர்த்தி நான் கேட்டதும் இல்லை. காலையில் சைக்கிளில் வருவார். தொப்பியைக் கழற்றி மண்ணில் வைத்துவிட்டு வட்டத்தின் ஓரத்தில் குத்தவைத்து, கன்னம் தரையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து, வெளிச்சம் வருகிற திசையைப் பார்த்தபடி இருப்பார். ஏதாவது மேடு பள்ளம் இருந்தால் விரலால் காட்டுவார், பேச மாட்டார். சரியாக இருந்தால் தொப்பியை எடுத்துத் தூசி தட்டிப் போட்டுக்கொள்வார். அதுதான் பாராட்டு.

ஆடுகிறவர்களுக்கு அவர் வைத்திருந்த ஒழுங்கு கண்டிப்பானது. ஆணி வைத்த பூட்ஸோடு வட்டத்துக்குள் வரக்கூடாது. காலைத் தூக்கி வைக்க வேண்டும், இழுக்கக்கூடாது. அடுத்தவர் பந்துக்கும் குழிக்கும் நடுவே நடக்கக்கூடாது, நிழல்கூட அங்கே விழக்கூடாது. கொடியைப் பிடுங்கினால் வெளியே படுக்க வைக்க வேண்டும், வீசக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பாயை இழுக்க வேண்டியது ஆடியவரே. யாருடைய பந்து கடைசியாகக் குழியில் விழுகிறதோ அவர் இழுக்க வேண்டும். வேலைக்காரனை இழுக்கச் சொல்லக்கூடாது.

"அப்ப நான் எதுக்கு தொரை இருக்கேன்?" என்று ஆரம்பத்தில் ஒருநாள் கேட்டேன்.

"நீ மண்ணப் பாரு. அவன் பண்ணின அழுக்க அவன் தொடைக்கட்டும்" என்றார்.

பலர் முணுமுணுத்துக்கொண்டே இழுத்தார்கள். சிலர் அவர் பார்க்காதபோது பை தூக்குகிறவர்களிடம் கயிற்றைக் கொடுத்துவிடுவார்கள். பை தூக்குகிறவர்களை வெள்ளைக்காரர்கள் 'கேடி' என்று கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லுக்கு நம் ஊர்ப் போலீஸ் வைத்திருந்த அர்த்தம் வேறு என்பதால், அவர்கள் தங்களைப் பைக்காரர் என்றே சொல்லிக்கொள்வார்கள்.

யுத்த காலத்தில் எண்ணெய் நின்றுபோனது. சொட்டு எண்ணெய்கூட லாஞ்சுக்காரர்கள் தரவில்லை. வட்டங்கள் காய்ந்து, மேற்கேயிருந்து அடிக்கும் கச்சான் காற்றில் மணல் எல்லாம் கடலுக்குப் போக ஆரம்பித்தது. நான் அண்ணன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தேன். எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை. அண்ணன் மிக்கேல் பஞ்சுப் பொதி அமுக்கும் பிரஸ் ஒன்றில் வேலை பார்த்தார். மதினி உப்பளத்துக்குப் போவாள். ஒருநாள் சாப்பிடும்போது என் புலம்பலைக் கேட்டவள், "உப்பு வாரினப் பொறவு பாத்தியில கசப்புத் தண்ணி கெடக்கும்லா. அது பட்ட எடம் காயவே காயாது. என் சேலையே சாட்சி" என்றாள். லோகன் துரையிடம் சொன்னேன். அவர் ஒரு குடத்து நீரை ஆறாவது வட்டத்தில் ஊற்றச் சொல்லி மறுநாள் வந்து குனிந்து பார்த்தார். மணல் இறுகி, ஈரமாக, மெல்லிய பளபளப்போடு கிடந்தது. தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு யுத்தம் முடிந்த பின்னும் எண்ணெய்க்கு நாங்கள் போகவில்லை. ஒன்று மட்டும் மாறியது. எண்ணெய் மணலில் பதிந்த தடம் காற்றில் மெல்லக் கலையும். உப்பு நீர் மணலில் பதிந்தது இறுகி அப்படியே நிற்கும்.

வெள்ளைக்காரர்கள் கிளம்பப் போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்ட சமயத்தில், கிளப்பில் இந்தியர்களைச் சேர்ப்பது என்று முடிவானது. முதலில் சேர்ந்தவர் சண்முகவேல் அண்ணாச்சி. ஏரல் பக்கத்துக்காரர். கருப்பட்டி வியாபாரத்தில் தொடங்கி, கொழும்புக்குத் தோணி விடுகிற அளவுக்கு வளர்ந்தவர். ஐம்பதை நெருங்கிய வயது. நெற்றியில் திருநீறு, அதற்கு மேல் வெயில் தொப்பி. முதல் நாள் வந்தபோதே என்னிடம், "தம்பி, இங்கன எப்படி எப்படி நடந்துக்கிடணும், சொல்லு. தப்பாச் செஞ்சிரப்பிடாது" என்றார். சொன்னேன். கால் தூக்கி வைப்பதை இரண்டு தடவை நடந்து காட்டச் சொன்னார். ஆட்டம் சுமாராகத்தான் வந்தது. வட்டத்துக்குள் மட்டும் கோயிலுக்குள் நடப்பதுபோல நடந்தார்.

அவர் சேர்ந்தது பிடிக்காதவர்களில் என் அண்ணன் வேலை பார்த்த பிரஸ்ஸின் மேனேஜர் துரையும் ஒருவர். வாட்டசாட்டமான ஆள். நன்றாக ஆடுவார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவருக்கும் அண்ணாச்சிக்கும் ஆட்டம் அமைந்தது. நான் ஆறாவது வட்டத்துக்குப் பக்கத்தில் மணல் தொட்டியருகே மண் சலித்துக்கொண்டிருந்தேன். என் நல்ல காது அந்தப் பக்கம் இருந்தது.

அண்ணாச்சி அன்று அந்தக் குழியில் அபூர்வமாக ஆடினார். தூரத்திலிருந்து உருட்டிய பந்து வளைந்துபோய் விழுந்தது. குழிக்குப் பக்கத்திலேயே இருந்த மேனேஜர் துரையின் பந்து இரண்டு தடவை தவறி, பிறகு விழுந்தது. அவர் முகம் சிவந்திருந்தது. பாயின் கயிற்றைக் காலால் நெம்பி அண்ணாச்சியின் முன்னால் தள்ளினார்.

"இழு" என்றார்.

அண்ணாச்சி கயிற்றைப் பார்த்தார். "தொரை, கடைசிப் பந்து ஒங்களுது" என்றார் தணிந்த குரலில்.

மேனேஜர் துரை சிரித்தார். பிரஸ்ஸில் கூலியாட்களிடம் பேசுகிற தமிழில், "உன் தாத்தா பனை ஏறி. கயிறு உனக்குப் புதுசா? இழு" என்றார்.

 பைக்காரர்கள் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.  அண்ணாச்சி பந்தடிக்கும் கம்பைப் பையில் போட்டார். பிறகு சுற்றிப் போகாமல், வட்டத்தின் குறுக்கே, குதிகால் ஆழப் பதிய நடந்து மறுபக்கம் இறங்கி, மைதானத்தை விட்டே போய்விட்டார். மேனேஜர் துரையும் தன் தடங்களை அப்படியே விட்டுவிட்டு அடுத்த குழிக்குப் போனார்.

நான் ஓடிப்போய்ப் பாயை எடுத்தேன். என்னவோ கை ஓடவில்லை. அப்படியே போட்டுவிட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து நான் போனபோது லோகன் துரை ஏற்கெனவே ஆறாவது வட்டத்தருகே குத்தவைத்திருந்தார். புதிய ஆள் பாயை இழுக்க மறுத்து, வட்டத்தை மிதித்துப் பாழாக்கிவிட்டுப் போனார், அவரை நீக்க வேண்டும் என்று மேனேஜர் துரை சனிக்கிழமையே கமிட்டியில் சொல்லியிருந்தார்.

"சூசை, கடைசிப் பந்து யாருது?" என்றார் லோகன் துரை, என் பக்கம் தலையைத் திருப்பாமல்.

"மேனேஜர் தொரையோடது."

"வேற என்ன?"

கயிற்றைத் தள்ளிவிட்டு மேனேஜர் துரை அண்ணாச்சியிடம் பேசியதைச் சொன்னேன். அவர் வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். கிழக்கிலிருந்து வெயில் சாய்வாக விழுந்ததில் இரண்டு பேரின் தடங்களும் நிழல் நிரம்பிய சின்னச் சின்னக் கிண்ணங்கள் போலத் தெரிந்தன. ஒருவருடையது கனமாக, குழியைச் சுற்றிச் சுற்றி. இன்னொருவருடையது குறுக்கே ஒரே கோடாக.

எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். தூசி தட்டவில்லை. "இத யாரும் தொடக்கூடாது, நீயும். தொடைக்க வேண்டியவன் வந்து தொடைக்கட்டும். அதுவரைக்கும் எட்டுக் குழி ஆட்டந்தான்" என்றார்.

சுற்றிலும் முளை அடித்துக் கயிறு கட்டினோம். கமிட்டியிலும் அவர் இதைத்தான் சொன்னாராம். விசாரணை வேண்டாம், யாரையும் நீக்கவும் வேண்டாம், வட்டம் அப்படியே கிடக்கட்டும் என்று.

அந்த நாட்கள் எனக்கு இப்போதும் கனவு மாதிரிதான் நினைவில் இருக்கின்றன. தினமும் விடியும் முன்னே அங்கே போய் நிற்பேன். இறுகிய மணலில் தடங்கள் அப்படியே இருக்கும். அவற்றின் மேல் இரவில் நண்டு ஒன்று ஊர்ந்த கோடு இருக்கும். வாலாட்டிக் குருவி ஒன்று மேனேஜர் துரையின் குதிகால் பள்ளத்தில் தேங்கிய பனியைக் குடித்துக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, ஏழாவது குழிக்குப் போவார்கள். பைக்காரர்கள் சொல்லி ஊருக்கே விஷயம் தெரிந்திருந்தது. எனக்குக் கை அரித்தது. துடைக்கப்படாத வட்டத்தைப் பார்ப்பது, சோறு தின்ற தட்டைக் கழுவாமல் நடு வீட்டில் வைத்திருப்பதைப் பார்ப்பது போல இருந்தது.

ஒருநாள் மத்தியானம் பிரஸ் மேஸ்திரி என்னைத் தேடி வந்தார். உடைமர நிழலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, மேனேஜர் தொரை சொல்லிவிட்டாரு. நாளைக்கு விடியுததுக்குள்ள அந்த மண்ணத் தடவி விட்டுருவியாம். காத்து கலச்சிட்டுன்னு சொல்லிரு."

"செகரட்டரி தொரை சொன்னாத்தான் நான் தொட முடியும்."

"ஒன் அண்ணன் எங்கிட்டதான வேல பாக்கான். ரெண்டு பிள்ளைக்காரன். யோசிச்சுச் சொல்லு."

அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் யோசித்தேன். பாய் பத்தடி தூரத்தில் கிடந்தது. இழுத்துவிட்டால் காரியம் முடிந்தது. ஆனால் அண்ணாச்சி சத்தம் போடாமல் நடந்து போன அந்தக் கோடு எனக்கு முன்னால் கிடந்தது. அது போய்விட்டால், அன்று நடந்தது நடக்கவே இல்லை என்றாகிவிடும்.

"முடியாதுங்க மேஸ்திரி" என்றேன்.

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போனார். நான் வீட்டில் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் ஏன் வீணாகக் கவலைப்பட வேண்டும், பயமுறுத்திப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாளே அண்ணனைப் பிரஸ் வாசலில் நிறுத்தி, வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். காரணத்தையும் மேஸ்திரி சொல்லி அனுப்பியிருந்தார். மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது அண்ணன் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். எழுந்து வெளியே போய்விட்டார். அடுத்த நாளிலிருந்து உப்பு மூட்டை சுமக்கப் போனார். என்னோடு பேசவில்லை. மதினிதான் இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சோறு போட்டாள். "நீ ஒண்ணும் நெனச்சுக்கிடாத" என்று மட்டும் ஒருநாள் சொன்னாள்.

அந்த வாரத்தில் ஒரு காலை, அண்ணாச்சி வந்தார். விளையாட்டு உடுப்பு இல்லை. வேட்டியும் துண்டுமாக, செருப்பைத் தூரத்திலேயே கழற்றிவிட்டு வந்து கயிற்றருகே நின்றார்.

"என் தடத்தப் பாக்கணும்னு தோணிச்சு" என்றார்.

பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கோவத்துல நடந்தா கால் இப்படியா பதியும்? என்னைய விடக் கனமான ஆள் நடந்த மாதிரில்லா இருக்கு." பிறகு, "எங்க தாத்தா பனை ஏறினவருதான். அது பொய்யில்ல. அத அந்த ஆளு சொன்னதுக்குக்கூட எனக்குக் கோவம் வரல தம்பி. சொன்ன ஒடன நான் பதில் தேடுனேன் பாரு, அதுக்குத்தான் வந்துச்சு. ஆமா, ஏறினாரு, அதுக்கு என்னன்னு கேட்டிருக்கலாம்ல. வாயில வரல" என்றார்.

தன் தடத்தை மட்டுமாவது துடைக்கலாமா என்று கேட்டார். யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அண்ணன் விஷயத்தை நான் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியாமல் இருப்பதுதான் நல்லது என்று பட்டது.

மேனேஜர் துரை எப்படி வழிக்கு வந்தார் என்பது எனக்கு முழுதாகத் தெரியாது. மாதாந்திரப் போட்டி நடத்த முடியவில்லை. எட்டுக் குழி ஆடி ஆடி மற்ற துரைமார்களுக்கு அலுத்துவிட்டது. சாயங்காலம் கிளப்பில் அவர் உட்கார்ந்த மேசையில் வேறு யாரும் உட்காரவில்லை என்று பட்லர் சொன்னார். எப்படியோ, சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமைக்கு லோகன் துரை அதே இருவருக்கும் ஆட்டம் போட்டார். இரண்டு பேரும் வந்தார்கள். ஆறாவது குழிக்கு வந்தபோது அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் நின்றோம். யாரும் கூப்பிடவில்லை, தானாகவே வந்து நின்றோம். லோகன் துரை கயிற்றை அவிழ்த்து முளையைப் பிடுங்கினார்.

மேனேஜர் துரை யாரையும் பார்க்காமல் போய்ப் பாயின் கயிற்றை எடுத்தார். விளிம்பில் தொடங்கிச் சுற்ற ஆரம்பித்தார்.  அவர் வெளியிலிருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் ஒருநாளும் பாயை இழுத்ததில்லை, எப்போதும் பைக்காரர்தான் திருட்டுத்தனமாக இழுத்திருக்கிறார் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. தடங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. நண்டின் கோடு மறைந்தது. சுற்று சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் அவர் குழியருகே நின்றார். கையில் கயிறு. சுற்றிலும் ஒரு சுவடும் இல்லாத மணல். எந்தப் பக்கம் காலை வைத்தாலும் பதியும். சாயங்கால வெயிலில், தீவு ஒன்றில் இறக்கிவிடப்பட்டவர் போல அவர் நின்றார். யாரும் சிரிக்கவில்லை.

அண்ணாச்சி தன் ரப்பர் பூட்ஸைக் கழற்றி வைத்தார். வெறுங்காலோடு, மெதுவாகக் கால் தூக்கி வைத்து, நடுவே போனார். கயிற்றைத் தொடவில்லை.

"உள்ள இருந்து வெளிய வரணும் தொரை. எம் பின்னால வாங்க" என்றார்.

அவர் முன்னே சுற்றிச் சுற்றி நடந்தார். மேனேஜர் துரை பாயை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தார். அண்ணாச்சியின் வெறுங்கால் தடத்தை மேனேஜரின் தடம் மிதித்தது. இரண்டையும் பாய் துடைத்தது. விளிம்பைத் தாண்டி வந்ததும் மேனேஜர் துரைக்கு மூச்சு வாங்கியது. இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அண்ணாச்சி தலையசைத்தார். என்ன சொன்னார் என்று பிறகு யாரோ கேட்டதற்கு, "சரியாக் காதுல விழல" என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். லோகன் துரை குத்தவைத்து, குனிந்து பார்த்து, தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டார்.

இத்தோடு முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அண்ணன் இன்னும் மூட்டை சுமந்துகொண்டிருந்தார்.

அவர் வேலை போனதும் அவர் என்னோடு பேசாததும் பைக்காரர்களில் ஒருவர் சொல்லித்தான் லோகன் துரைக்குத் தெரிந்தது. கேட்ட அன்றே சாயங்காலம் சைக்கிளை மிதித்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார். மதினி பதறிப்போய் முக்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. அண்ணன் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, முதுகில் உப்பு பூத்துப்போய் நின்றிருந்தார்.

"மிக்கேல், தப்பு என்னுது" என்றார் லோகன் துரை. "மண்ண அப்படியே போட்டா, போட்டவனுக்கு ஒறைக்கும்னு நெனச்சேன். அது ஒன் தலையில விழும்னு நெனைக்கல. நான் யோசிச்சிருக்கணும். மேனேஜர்ட்ட பேசுதேன், திரும்ப எடுத்துக்கிடுவான்."

அண்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"வேண்டாம் தொரை. அங்கன போவல. நம்ம சோலிய நாம பாத்துக்கிடலாம். ஒங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. அந்த மேனேஜர் மேலகூட இல்ல. அவன் அப்படித்தான்."

"பொறவு ஏம்ல தம்பிட்ட பேசாம இருக்க?"

அண்ணன் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார். நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன்.

"மேஸ்திரி வந்து சொன்னது எம் பொழப்பப் பத்தி. இவன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. தானா முடிவு பண்ணிக்கிட்டான். ஊர்ல எல்லாத்துக்கும் தெரிஞ்சப் பொறவு, வாசல்ல நின்னு நான் கேக்கேன்."

லோகன் துரை என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். தெருமுனைவரை ஏறவே இல்லை.

"கேட்டிருந்தா என்ன சொல்லிருப்பிய?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"தொடாதன்னுதான் சொல்லிருப்பேன்" என்றார் அண்ணன். "வேற என்ன சொல்லுவாக?"

மதினி உள்ளே போய்ச் சோற்றுப் பானையை எடுத்து வந்தாள். அன்று இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

சாப்பிட்டு முடிக்கும்போது அண்ணன், "அப்படி என்னதான் இருக்கு அந்த மண்ணுல? காலைல காட்டு" என்றார்.

விடிகாலையில் இரண்டு பேரும் பொட்டலைத் தாண்டி நடந்தோம். கடல் இன்னும் வெளுக்கவில்லை. உப்புக் குவியல்கள் மட்டும் தங்களுக்குள்ளிருந்தே வெளிச்சம் வருவது போல மங்கலாகத் தெரிந்தன. ஆறாவது வட்டம் ஒரு சுவடும் இல்லாமல் கிடந்தது. நான் வழக்கம்போலப் பாயை எடுக்கப் போனேன். அண்ணன் கூடவே வருவார் என்று நினைத்தேன், வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். விளிம்புக்கு ஒரு சாண் வெளியே, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"உள்ள வரட்டுமால?" என்று கேட்டார்.

"வாங்கண்ணே" என்றேன்.